சோதனை போடும் கையில் துப்பாக்கி எதற்கு?

எங்க மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. 2019 நவம்பரில் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானதோட சரி. விமானம் ஏறணும்னா மீனம்பாக்கம், திருச்சி, இல்லைன்னா சேலம் பக்கம் போகணும். அப்புறம் கள்ளக்குறிச்சிக்காரனுக்கு ஏர்போர்ட் பாதுகாப்பைப் பத்தி என்ன பேச்சுன்னு கேட்பீங்க. கேளுங்க. ஆனா சோதனைச் சாவடின்னா என்னன்னு எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறவங்களுக்கு அது தினசரி விஷயம். வண்டியை ஓரங்கட்டு, மூட்டையை இறக்கு, என்ன வெல்லமா, எதுக்கு இத்தனை வெல்லம், எங்கே போகுது... சாராய ஊறலுக்கு வெல்லம் போகிற ஊரில் மளிகைக் கடைக்காரருக்குக்கூட இந்தக் கேள்வியில் இருந்து தப்பிப்பு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் போய்வந்த சொந்தக்காரப் பையன் ஒருத்தன் பேச்சுவாக்கில் கேட்டான்: "ஏர்போர்ட்ல நம்மைத் தடவிப் பார்க்கிறாங்களே, அவங்க ஒவ்வொருத்தர் கையிலயும் துப்பாக்கி இருந்தா இன்னும் நல்லதுதானே மாமா?" கேட்க நியாயமாத்தான் இருக்கு. அமெரிக்காவில் இதே கேள்வி பெரிய விவாதமாகவே நடந்திருக்கு. கொஞ்சம் பழைய கதைகளைக் கிளறிப் பார்த்தேன். பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன். ஒத்துக்காதவங்க தாராளமா சண்டைக்கு வரலாம். :-)

முதல்ல பொம்மைத் துப்பாக்கியில் இருந்து ஆரம்பிப்போம்.

1971 ஜனவரி 30. ஸ்ரீநகரில் இருந்து ஜம்முவுக்குக் கிளம்பிய 'கங்கா' என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை ரெண்டு பேர் லாகூருக்குக் கடத்திட்டுப் போனாங்க. அவங்க கையில் இருந்தது போலித் துப்பாக்கி, போலிக் கையெறி குண்டு. பயணிகளை இறக்கிவிட்டு அப்புறம் விமானத்தைக் கொளுத்தினாங்க. அதைக் காரணமாகச் சொல்லி இந்தியா தன் வான்வழியைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. வங்கதேசப் போர் நடந்த அந்த வருஷத்தில், மேற்குப் பாகிஸ்தானில் இருந்து கிழக்குக்குப் போக அவங்க இலங்கையைச் சுற்றிக்கிட்டுப் பறக்க வேண்டியதாப் போச்சு. ஒரு போலித் துப்பாக்கிக்கு இவ்வளவு பலம்.

1978 டிசம்பர் 20. இந்திரா காந்தியை விடுதலை செய்யணும்னு ரெண்டு பேர் டெல்லிக்குப் போன விமானத்தை வாரணாசிக்குத் திருப்பினாங்க. ஆயுதம்? ஒரு பொம்மைத் துப்பாக்கி, குண்டு மாதிரி காட்டின ஒரு கிரிக்கெட் பந்து.

இந்த ரெண்டு கதையிலும் கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. ஏறும்போதே பையையும் உடம்பையும் யாராவது ஒழுங்காப் பார்த்திருந்தால் பொம்மை வெளியே வந்திருக்கும், கதையும் அங்கேயே முடிஞ்சிருக்கும். அந்த இடத்தில் தேவைப்பட்டது பார்க்கிற கண், தேடுகிற கை. அப்போ உலகம் முழுக்கவே அது குறைவு. அமெரிக்காவிலேயே 1973 ஜனவரியில்தான் விமானம் ஏறுகிற எல்லாப் பயணிகளையும் சோதிக்கணும் என்ற விதி வந்தது.

அதுக்கு முந்தின வருஷம், 1972 மே 30 அன்று இஸ்ரேலின் லோட் விமான நிலையத்தில் நடந்ததைப் பாருங்க. ஜப்பான்காரங்க மூணு பேர் விமானத்தில் இருந்து இறங்கி வர்றாங்க. பெட்டிகள் வந்து சேர்கிற இடத்தில் தங்களோட பெட்டிகளை எடுத்தாங்க, திறந்தாங்க, உள்ளே இருந்த துப்பாக்கிகளால் சுட்டாங்க. 26 பேர் செத்தாங்க. இஸ்ரேலிய விமான நிலையத்தில் ஆயுதக் காவலுக்குப் பஞ்சமா என்ன? பஞ்சம், விமானம் கிளம்பின ஊரில் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்க ஆள் இல்லாததுதான்.

இனி நம்ம ஊர்க் கதை. இதைத்தான் நான் முக்கியமா எழுத வந்தேன். இளசுகள் பல பேருக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது.

1984 ஆகஸ்ட் 2, இரவு. மீனம்பாக்கம். கொழும்பு போகிற ஏர் லங்கா விமானத்துக்கு ஒருத்தர் ரெண்டு பெட்டிகளைப் போட்டுவிட்டு, தான் ஏறாமலே போய்விட்டார். ஆள் ஏறவில்லை என்று கண்டுபிடித்தார்கள். பெட்டிகளை விமானத்தில் ஏற்றவில்லை. இதுவரைக்கும் சரியான வேலை. அதைச் செய்தவங்க யாரோ, அந்த விமானத்தில் போனவங்க உயிரைக் காப்பாத்தினவங்க.

பெட்டிகள் நிலையத்துக்குள்ளேயே கிடந்தன. பிறகு தொலைபேசி வந்தது: பெட்டியில் குண்டு இருக்கு, அப்புறப்படுத்துங்க என்று. யாரோ தங்கத்தைக் கடத்தப் பார்க்கிறான், பெட்டியை வெளியே எடுக்க வைக்கிற தந்திரம் இது என்று சந்தேகப்பட்டதாகப் பிற்பாடு வந்த தகவல்கள் சொல்கின்றன. போலீஸா, சுங்கமா, விமான நிறுவனமா, நிலைய அதிகாரியா? யார் முடிவெடுப்பது என்று ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், இரவு 11 மணிக்குச் சற்று முன்னால் வெடித்தது. 30க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் நிறையப் பேர் ஊர் திரும்பக் காத்திருந்த இலங்கைக்காரர்கள். கட்டடத்தின் ஒரு பகுதியே சரிந்தது. தமிழீழ இராணுவம் என்ற சிறு குழுவின் வேலை அது என்று வழக்கு நடந்தது. கொழும்பில் வெடிக்க வேண்டியது மெட்ராஸில் வெடித்தது.

அந்த இரவில் அங்கே துப்பாக்கி இல்லாமல் இல்லை. அப்போ விமான நிலையப் பாதுகாப்பு மாநிலப் போலீஸ் கையில்தான். ஆனா பெட்டியைச் சுட முடியுமா? அங்கே இல்லாமல் போனது, "இந்தப் பெட்டி இங்கே இருக்கக் கூடாது, எல்லாரும் வெளியே போங்க" என்று ஒருத்தர் சொன்னால் அது நடக்கும் என்கிற அதிகாரம். சோதனையின் முதல் பாதி நடந்தது. இரண்டாம் பாதி நடக்கலை.

பத்தே மாதம் கழித்து இதுக்கு நேர் எதிரான கதை. 1985 ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா. கனடாவின் வான்கூவரில் ஒருத்தர் பெட்டியைக் கொண்டுவந்து, இதை நேரா டெல்லி விமானத்துக்கு மாத்திவிடுங்கன்னு கேட்டார். அவருடைய அடுத்த கட்டப் பயணச்சீட்டு உறுதியாகவில்லை, அதனால முடியாதுன்னு கவுன்டரில் இருந்த பெண் சொல்லியிருக்கிறார். அவர் விடாமல் தகராறு பண்ணினார். பின்னால் வரிசை நீண்டுக்கிட்டே போச்சு. கடைசியில் அந்தப் பெண் இறங்கிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். பெட்டி போனது, ஆள் ஏறலை. டொரான்டோவில் எக்ஸ்ரே இயந்திரம் பாதியில் பழுதாகி, மீதிப் பெட்டிகளைக் கையடக்கக் கருவியால் பார்த்து அனுப்பினார்கள். அட்லான்டிக் மேலே 329 பேர் போனார்கள். அதே நாளில் ஜப்பானின் நரிட்டாவில், அதே மாதிரி வந்த இன்னொரு பெட்டி வெடித்து, பெட்டி தூக்குகிற தொழிலாளர்கள் ரெண்டு பேர் செத்தார்கள்.

மெட்ராஸில் ஆள் ஏறாததைப் பார்த்தார்கள், பெட்டியை என்ன செய்வது என்று தெரியவில்லை. கனடாவில் ஆள் ஏறாததையே பார்க்கவில்லை. ஆள் இல்லாமல் பெட்டி ஏறக் கூடாது என்கிற இன்றைய விதி எவ்வளவு உயிர் கொடுத்து வாங்கினது பாருங்க. இனிமே விமானம் கிளம்பும் நேரத்தில் "ஒரு பயணி வரவில்லை, அவர் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறோம்"னு அறிவிப்பு வந்தா, உச்சுக்கொட்டாம உட்கார்ந்திருங்க.

அந்தக் கவுன்டர் பெண்ணை நினைச்சுப் பார்க்கிறேன். அவர் இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? ஒண்ணும் மாறியிருக்காது. "நீ முடியாதுன்னு சொன்னா முடியாதுதான், வரிசை நீண்டாலும் பரவாயில்லை, நாங்க பின்னால நிற்கிறோம்"னு சொல்லக்கூடிய ஒரு மேலதிகாரி இருந்திருந்தால் மாறியிருக்கும்.

இந்தியாவில் அடுத்த திருப்பம் 1999 டிசம்பர். காத்மாண்டுவில் ஏறின ஆட்கள் ஐ.சி.814 விமானத்தைக் காந்தஹாருக்குக் கொண்டுபோன கதை எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் ஆரம்பித்து, ஒவ்வொரு விமான நிலையமாக மாநிலப் போலீஸிடம் இருந்து சி.ஐ.எஸ்.எஃப். கைக்கு மாறியது. தொழிற்சாலைகளைக் காப்பதற்காக 1969ல் உருவான படை இன்று 60க்கும் மேற்பட்ட விமான நிலையங்களில் நிற்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. நம்ம ஊரில் சோதிக்கிறவர், சுடுகிறவர் ரெண்டு பேரும் ஒரே படை, ஒரே காக்கி. ஆனா நின்னு கவனிச்சுப் பாருங்க. வாசலில், மணல்மூட்டைக்குப் பின்னால் நிற்கிறவர் நீளத் துப்பாக்கி வைத்திருப்பார். உள்ளே நம்ம கையை விரிக்கச் சொல்லித் தடவுகிறவர் கையில் இருப்பது அந்தக் 'கீய்ங் கீய்ங்' கருவி மட்டும். காரணம் சாதாரணமானது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான ஆட்களை ஒரு முழம் தூரத்தில் வைத்துத் தடவுகிறவர் இடுப்பில் துப்பாக்கி இருந்தால், அது வருகிற ஒவ்வொருத்தர் கைக்கும் எட்டுகிற துப்பாக்கி.

அந்தக் கோடு கலைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கரிப்பூர் சாட்சி. 2015 ஜூன் 10 இரவு, கோழிக்கோடு விமான நிலையம். உள்ளே போகிற வாயிலில் தீயணைப்புப் பிரிவு ஊழியர் ஒருவரைச் சோதிப்பதில் சி.ஐ.எஸ்.எஃப். அதிகாரியோடு வாய்த்தகராறு. தினமும் முகம் பார்க்கிறவங்கதான். வாய்ச்சண்டை கைகலப்பாச்சு. கைகலப்பில் அதிகாரியின் கைத்துப்பாக்கி வெடித்தது. செத்தது ஒரு சி.ஐ.எஸ்.எஃப். தலைமைக் காவலர். அதுக்கப்புறம் ரெண்டு தரப்பும் மோதி, நிலையம் பல மணி நேரம் முடங்கி, வர வேண்டிய விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பினார்கள். தீவிரவாதி யாரும் வரலை. அடையாள அட்டையும் கோபமும் போதுமானதா இருந்தது.

அதுக்கு எட்டு மாதம் முன்னாடி, 2014 அக்டோபர் 8, நம்ம கல்பாக்கம். அணுமின் நிலையக் காவலில் இருந்த சி.ஐ.எஸ்.எஃப். தலைமைக் காவலர் ஒருவர் தன் துப்பாக்கியால் சக வீரர்கள் மூணு பேரைச் சுட்டுக் கொன்றார். சுட்டவரும் செத்தவர்களும் ஒரே படை. நீண்ட பணிநேரமும் மன அழுத்தமும் சுமக்கிற ஆட்களின் கையில் நாம் கொடுக்கிற பொருள் அது என்பதை மறக்கக் கூடாது.

நிற்க. எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாச் சொல்லிடணும்.

2013 நவம்பர் 1. லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையம். ஒருத்தன் பையில் இருந்து நீளத் துப்பாக்கியை எடுத்து, சோதனை வாயிலில் நின்ற டி.எஸ்.ஏ. ஊழியரைச் சுட்டுக் கொன்றான். கெரார்டோ ஹெர்னான்டஸ், வயசு 39. 2001 தாக்குதலுக்குப் பிறகு உருவான அந்த அமைப்பில், பணியில் கொல்லப்பட்ட முதல் ஆள். அவர் கையில் ஒண்ணும் கிடையாது. அவரைச் சுட்டதுக்கு, அவர் அந்தச் சீருடையில் நின்றார் என்பதே காரணம். "எங்களை வெறுங்கையோட நிறுத்தாதீங்க, எங்களிலேயே ஒரு பிரிவுக்கு ஆயுதம் கொடுங்க"ன்னு ஊழியர் சங்கம் கேட்டது. தன் சகாவைப் பறிகொடுத்தவங்க கேட்கிற கேள்வியை வெட்டி வாதம்னு ஒதுக்க எனக்கு மனசில்லை.

அதே விமான நிலையத்தில் 2002 ஜூலை 4 அன்று, இஸ்ரேலின் எல் ஆல் கவுன்டரில் ஒருத்தன் சுட ஆரம்பிச்சான். ரெண்டு பேர் செத்தாங்க. எல் ஆலின் ஆயுதக் காவலர் அவனைச் சுட்டு வீழ்த்தினதால் அது ரெண்டோட நின்னது. ஆக, துப்பாக்கியே வேண்டாம்னு நான் சொல்லலை. சொல்லவும் முடியாது.

ஆனா 2013ல் என்ன நடந்ததுன்னு விசாரிச்சப்போ வெளிவந்தது வேற. முன்பெல்லாம் சோதனை வாயிலிலேயே ஆயுதம் ஏந்திய போலீஸ்காரர் நிலையா நிற்பார். சில மாதங்களுக்கு முன்னால் அதைத் தளர்த்தி, சுற்றுவட்டத்தில் ரோந்து போகலாம்னு மாற்றியிருந்தாங்க. சம்பவ நேரத்தில் போலீஸ்காரர் அந்த இடத்தில் இல்லை. 2014ல் டி.எஸ்.ஏ. ஆய்வு செய்து, சோதிக்கிறவங்களுக்குத் துப்பாக்கி வேண்டாம், கூட்டம் அதிகமா இருக்கிற நேரங்களில் ஆயுதப் போலீஸ் வாயில்கிட்டயே நிற்கணும்னு பரிந்துரைத்தது. எனக்கும் அதுதான் சரின்னு படுது. துப்பாக்கி கூப்பிடு தூரத்தில் இருக்கணும். வேற ஆள்கிட்ட இருக்கணும். அந்த ஆள் டீ குடிக்கப் போனாலும் மாற்று ஆள் நின்றாகணும்.

இப்போ எங்க மலைக்கு வருகிறேன். சோதிக்கிறவரும் சுடுகிறவரும் ஒரே ஆளாகிவிட்டால் யார் விலை கொடுக்கிறதுன்னு எங்க பக்கத்து மலைக்காரங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.

கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை. அங்கிருக்கிற மலையாளிப் பழங்குடிகளுக்கு 1996ல்தான் ஓட்டுரிமையே வந்தது என்பதை 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. நிலமும் வேலையும் இல்லாத மலைகளில் இருந்து ஆட்கள் செம்மரம் வெட்டக் கூலிக்கு ஆந்திராவுக்குப் போறது புதுசில்லை. கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது... எந்த மலையைக் கேட்டாலும் இந்தக் கதை உண்டு.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறை அதிகாரிகள் ரெண்டு பேரைக் கடத்தல் கும்பல் அடித்தே கொன்றது. வெறுங்கையோடு காட்டுக்குள் போனவங்க. அந்தச் சாவுக்கு நியாயம் கேட்டுத்தான் அங்கே வனக்காவலுக்கு ஆயுதம் வந்தது, போலீஸும் வனத்துறையும் சேர்ந்த சிறப்புப் படை வந்தது. காரணம் நியாயமான காரணம். லாஸ் ஏஞ்சலஸ் ஊழியர்கள் கேட்ட அதே காரணம்.

2015 ஏப்ரல் 7. அதே சேஷாசலத்தில் ஒரே காலையில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்ட மலையோர ஊர்க்காரர்கள். கல்லும் கோடாலியும் வீசினாங்க, தற்காப்புக்குச் சுட்டோம் என்றது படை. பஸ்ஸில் இருந்தே பிடித்து இறக்கிக் கொண்டுபோனாங்க, நான் எப்படியோ தப்பிச்சேன் என்று உயிரோடு வந்தவங்க மனித உரிமை ஆணையத்தில் சொன்னாங்க. எது உண்மைன்னு தீர்ப்பு சொல்ல நான் நீதிமன்றம் இல்லை. ஆனா ஒரு பஸ்ஸை நிறுத்தி, ஆளைச் சோதித்து, சந்தேகம் இருந்தால் பிடித்து, வழக்கு போட்டு, கோர்ட்டில் நிறுத்துவது என்கிற நீண்ட பாதையைத் துப்பாக்கி ரொம்பச் சுருக்கிவிடுகிறது. மரம் வெட்டினதுக்குச் சட்டத்தில் மரண தண்டனை கிடையாது.

எங்க மலையில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது, போலீஸ் அவ்வப்போது ஒப்படைக்கச் சொல்லி அறிவிக்கிறது. சாவடியில் நிற்கிறவருக்கு ஆபத்தே இல்லைன்னு சொல்ல வரலை. ஆனா எங்க மாவட்டத்தின் பெரிய சாவு எப்படி வந்தது? 2024 ஜூன், கள்ளக்குறிச்சி கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மெத்தனால் இங்கே காய்ச்சுகிற சரக்கு இல்லை. வெளியில் இருந்து, ரோட்டு வழியா, வண்டியில் வந்தது. வெல்ல மூட்டையை மணிக்கணக்கா நோண்டுகிற ஊரில் அது யார் கண்ணிலும் படாமல் வந்து சேர்ந்தது. அங்கே துப்பாக்கி குறைவாக இருந்ததா? பார்க்க வேண்டியதைப் பார்க்கிற கண்ணும், பார்த்தால் தடுக்கிற மனசும்தான் இல்லாமப் போச்சு.

பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். பையைத் திறந்து பார்க்கிறவருக்கு நல்ல கருவி கொடு. நல்ல பயிற்சி கொடு. எட்டு மணி நேரம் திரையையே வெறிக்க விடாம இடையில் மாற்று. அவர் "நிறுத்து"ன்னு சொன்னா, எதிரே நிற்கிறது எம்.பி.யா இருந்தாலும், பக்கத்துப் பிரிவு ஊழியரா இருந்தாலும், பத்து நிமிஷத்தில் விமானம் கிளம்பறதா இருந்தாலும், நிற்கிற மாதிரி பார்த்துக்கொள். அவர் பக்கத்தில் ஆயுதத்தோட இன்னொருத்தர் நிற்கட்டும். 2022ல் 3,000க்கும் மேற்பட்ட சி.ஐ.எஸ்.எஃப். பணியிடங்களைக் குறைத்து, சில சாதாரண வேலைகளைத் தனியார் காவலர்களிடம் கொடுக்க முடிவெடுத்தாங்க. யார் எந்த வேலைன்னு பிரிக்கிறது தப்பில்லை. பிரிக்கும்போது 'நிறுத்து'ன்னு சொல்கிற ஆளின் பலம் குறையாம இருந்தா போதும்.

"அப்போ அவரைச் சுட வந்தா?"ன்னு மறுபடியும் கேட்டான். அந்தக் கேள்விக்கு என்கிட்ட முழுசா பதில் இல்லை. ஹெர்னான்டஸ் வீட்டில் இருக்கிறவங்களுக்கு நான் எழுதின எதுவும் ஆறுதல் ஆகாது. ஆனா மீனம்பாக்கத்தில் செத்தவங்களையும், கரிப்பூரில் செத்தவரையும், சேஷாசலத்தில் செத்தவங்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், சோதிக்கிற கையும் சுடுகிற கையும் வேற வேற ஆளுடையதா இருக்கணும் என்றுதான் எனக்குப் படுது.

கொசுறு: 1978ல் பொம்மைத் துப்பாக்கியோடு விமானம் கடத்தினாங்கன்னு சொன்னேனே, அந்த ரெண்டு பேரும் 1980ல் காங்கிரஸ் டிக்கெட்டில் நின்னு உத்தரப் பிரதேசத்தில் எம்.எல்.ஏ. ஆனாங்க. விமானக் கடத்தலுக்குன்னு தனிச் சட்டம் 1982ல்தான் வந்தது. இப்போ யாரும் அந்த வழியில் கோட்டைக்குப் போகலாம்னு கணக்குப் போடாதீங்க, களிதான் மிச்சம் :-)